அண்ணையின்ரை படகும் கேர்னலும்

யூன், செவ்வாய்க்கிழமை.

அண்ணை கரைக்கு வந்திட்டார். அதை எழுதினாப்பிறகுதான் மற்றதை எழுத மனம் வருது.

மத்தியானம், மீன்பிடிக்கப் போன அவரின்ரை படகு என்ரை கணினித் திரையிலை இருந்து மறைஞ்சு போச்சு. படகிலை நான் பூட்டிவிட்ட சின்னக் கணினிதான் அது நிக்கிற இடத்தை அனுப்பிறது, காத்து எச்சரிக்கை வந்தால் கத்திறதும் அதுதான். மண்டைதீவுக் கரையிலை காத்தும் எழும்பத் தொடங்கியிருந்தது.

"மெசின் பழுதோ, இல்லாட்டிப் படகுக்கு ஏதுமோ?" எண்டு அண்ணையின்ரை மனிசி கேட்டா.

"தெரியேல்லை மச்சாள்" எண்டன். அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தா.

பொழுதுபட முதல் அண்ணை வந்து இறங்கினார். "காத்து வருதெண்டு உன்ரை மெசின் கத்திச்சுது. உடனை திரும்பிட்டன்" எண்டார்.

கணினியைக் கழட்டிக்கொண்டு வந்து பார்த்தன். இடத்தை அனுப்பிற என்ரை புரோகிராம் பழைய தரவு ஒண்டையும் அழிக்காமல் நினைவகம் முழுதையும் நிரப்பியிருக்கு. அப்பிடியே விட்டிருந்தால் கணினி அசையாமல் நிண்டிருக்கும். எல்லாப் புரோகிராமுக்கும் நினைவகத்திலை இடம் பங்கிட்டுக் குடுக்கிற, கணினியின்ரை அடிப்படை மென்பொருளான கேர்னல்தான், ஆகக்கூட விழுங்கினது எதெண்டு பார்த்து, என்ரையை நிப்பாட்டியிருக்கு. அதாலைதான் படகு திரையிலை மறைஞ்சது; ஆனால் எச்சரிக்கை வாங்கிற புரோகிராம் தப்பித் தொடர்ந்து வேலை செய்திருக்கு.

பிழையைத் திருத்திப்போட்டன். நாளைக்கும் அவர் தொழிலுக்குப் போவார்.

மச்சாளுக்கு விளங்கப்படுத்தினன். "அந்தக் கேர்னலை எழுதினது ஆர்?" எண்டு கேட்டா. எங்கெங்கையோ இருக்கிற கன பேர் எண்டன். இரவுச் செபத்திலை, பேர் தெரியாத அந்த ஆக்களுக்காகவும் எண்டு அவ சேர்த்துச் சொன்னா. நான் ஆமென் எண்டன்.