அப்பாவின் நாடி ஏறாது

ஆவணி 4, திங்கள்

சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. கொடியில் பெரியப்பாவின் ஓட்டக் காற்சட்டை, என் சட்டைக்குப் பக்கத்தில். தோய்ப்பதில்லை. வியர்வையோடு அப்படியே காயப்போட்டு, மறுநாளும் அதையே போடுகிறார். என் சட்டையை எடுத்து மறுபடி தோய்த்தேன்.

ரொறன்ரோவிலிருந்து வந்து ஒரு கிழமைகூட இல்லை. அதற்குள் அம்மாவின் பால் செம்பில் ஏதோ மாவைக் கரைத்துக் குடித்து, அடியில் ஒட்டவிட்டிருக்கிறார். கரண்டியால் சுரண்டி எடுத்தேன்.

நாளை முதல் அப்பாவையும் ஓட வைக்கப் போகிறாராம். கை மணிக்கூடு நாடியைக் காட்டும். இருநூற்றிருபதில் வயதைக் கழித்தால் இதயம் போகக்கூடிய உச்சம். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு. ஆக 168. அவ்வளவு வேண்டாம், 140 தொட்டால் போதுமாம். பெருந்தன்மை.

ஆவணி 5, செவ்வாய்

வாங்க: சவர்க்காரம், தேயிலை, அப்பாவின் குளிசை (கிளினிக், வியாழன்).

அச்சுவேலிச் சந்தைவரை ஓடிவிட்டு வந்தார்கள். அப்பாவின் உதடு வெளிறிப்போய். மணிக்கூட்டில் 98. பெரியப்பா ஈரத் துவாயைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, "உவன் சின்னனிலையும் இப்பிடித்தான். பஞ்சி, சோம்பேறி" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். துவாயைவிட அந்தச் சிரிப்புத்தான் அருவருப்பு.

போன வருஷத்து நெஞ்சுநோவையும் குளிசையையும் பெரியப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சொன்னால் பின்னேரத்துக்குள் ரொறன்ரோ முழுக்கக் கதைக்குமாம். அப்பாவுக்கு அந்த நோவு வந்ததோடுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தோட்டத்தில் அம்மாவுக்கு ஆள் தேவை. அதைப்பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

ஆவணி 7, வியாழன்

கிளினிக். டெற்றோல் மணம். பக்கத்திலிருந்தவர் பல் குத்திக் குத்தி மணந்து பார்த்தார். என் முறை வந்தது. நேர்ஸ் அன்ரியிடம் கேட்டேன்: ஓடினாலும் அப்பாவின் நாடி ஏன் ஏறுவதில்லை?

நிமிர்ந்து பார்த்தார். நாடியை ஏறவிடாமல் பிடிப்பதுதான் அந்தக் குளிசையின் வேலையாம். வயதைக் கழிக்கிற கணக்கு மற்றவர்களுக்கே ஒரு மதிப்புத்தான், அப்பாவுக்குச் சரிவராது. இதயம் எவ்வளவு தாங்கும் என்று டொக்டர்தான் வயர் பூட்டி, இயந்திரத்தில் நடக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

"ஓட விடாதையும் பிள்ளை. கதைச்சுக்கொண்டு நடக்கிற வேகம் போதும். நான் திகதி எடுத்துத் தாறன்."

அப்பாவிடம் சொன்னேன். வாயைத் திறக்காதை என்றார்.

ஆவணி 8, வெள்ளி

விடிய, படலையடியில் பெரியப்பா காறித் துப்பினார். என் செவ்வரத்தைப் பூச்செடியின் அடியில். பிறகு அப்பாவிடம்: "இண்டைக்கு 140 வராமல் திரும்பிறேல்லை." அப்பா ஓம் என்று செருப்பைத் தேடினார். மற்றக் கை நெஞ்சில்.

போய்ப் படலையை மறித்து நின்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை, காற்சட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அப்பா நெஞ்சுக்குக் குளிசை போடுறவர். அவரின்ரை நாடி ஏறாது. அவர் வரமாட்டார்."

பெரியப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அப்பாவை. ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை என்று கேட்டார், சின்னக் குரலில். அப்பா உள்ளே போய்விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானத்துக்குள் ரொறன்ரோவிலிருந்து வரிசையாக அழைப்பு.

ஆவணி 10, ஞாயிறு

அப்பா இன்னும் என்னோடு கதையில்லை. அம்மாதான் எங்கள் இருவரையும் நடக்க அனுப்பினார். மெதுவாக. சந்திவரை ஒரு சொல் இல்லை. கதைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்தேன். காற்றுத்தான்.

வெங்காயத் தோட்டம் தாண்டியதும், முன்னால் பார்த்தபடியே அப்பா:

"அண்ணையின்ரை காற்சட்டை எண்டு வாய் திறக்காமல் கிடந்தனான் பிள்ளை, அது கொடியிலை கிடக்கேக்கை கிணத்தடிப் பக்கம் போகேலாமல் கிடக்கு, என்ன நாத்தமடி."

ஒரே மூச்சில் சொன்னார்.