வரைபடத்தில் சாலை, ஐப்பசியில் வடிகால்

இன்று விடியலில் கண் விழித்தபோது வீட்டுக்குள் சேற்று மணம். கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். தரை குளிர்ந்து நகர்ந்தது. ஐப்பசித் தண்ணீர் சத்தமில்லாமல் வாசல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வழி தெரிந்த தண்ணீர். என் செருப்பு ஒன்று அதன்மேல் மெல்லத் திரும்பித் திரும்பி மிதந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. உன் நினைவுதான் வந்தது, அதுதான் கோபம்.

நகரமைப்பு அலுவலகத்தில் நமக்கு எதிரெதிர் மேசை. தஞ்சாவூருக்கு வெளியே வயல்களின் நடுவில் துணைநகரம் அமைக்க இடம் பார்க்கப் போனவன் நான். சித்திரை மாதம்; ஆறு காய்ந்து கிடந்தது. வயல்களுக்கிடையே, இருபுறமும் கரையோடு, அகலமாக, நேராக ஒரு மண்தடம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் அதில்தான் போய்வந்தன. எங்கள் ஜீப்பும் போனது. வரைபடத்தில் அதையே பிரதான சாலையாகப் போட்டேன். நிலம் எடுக்கத் தேவையில்லாத சாலை என்று மேலே எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீ அந்தப் பக்கத்து ஊர்க்காரன். உன் அப்பாவும் அம்மாவும் அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். படத்தைப் பார்த்ததும் சிரித்தாய்.

"யோவ், நீ ஜீப்புல போனது ரோடு இல்லய்யா, வடிகாலு. அத்தனை வயல் தண்ணியும் அதுலதான் வடியும்."

"தண்ணி எங்கய்யா இருக்கு?"

"ஐப்பசியில வந்து பாரு. வர்றப்ப படகு எடுத்துட்டு வா."

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரிகள் வரிசையில் உன் நாற்காலி காலி. நீ பந்தலின் கடைசியில் ஊர்க்காரர்களோடு நின்றாய். ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, "அய்யா, நீங்க சொல்ற ரோட்டுல நான் கெண்ட புடிச்சிருக்கேங்க" என்றார். பந்தலே சிரித்தது. அடுத்து நீ மைக்கை வாங்கி, படம் தவறு என்றாய். என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடினோம். வடிகாலுக்குப் பதிலாகச் சாலைக்கு அடியில் ஒரு குழாய். உன்னை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பிறகு நாம் பேசவே இல்லை. உன் சாவுக்கும் நான் வரவில்லை. அந்தச் சாலையிலேயே மனை வாங்கி வீடும் கட்டினேன். என் படத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை, அல்லது உன் மேல் அவ்வளவு வீம்பு.

துணைநகரத்தின் இரண்டாம் கட்ட வரைபடம் என் கையெழுத்துக்காக வீட்டில் காத்திருந்தது. என் பழைய சாலையை அப்படியே கிழக்கே நீட்டியிருந்தார்கள், இன்னும் இரண்டு ஊர் வயல்களைத் தாண்டி. கையெழுத்துப் போட்டால் அங்கேயும் தண்ணீர் இப்படி வீடு வீடாக நடக்கும். மறுத்தால் முதல் படம் பிழை என்று நானே எழுத வேண்டும்.

தண்ணீரில் கால் வைத்தபடி, படத்தை மடியில் விரித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் கூடத்துத் தண்ணீரில் பட்டுக் கூரையில் அசைந்தது. படத்தின் கோடும் அதோடு சேர்ந்து அசைவது போலிருந்தது. நீலப் பென்சிலை எடுத்துச் சாலை முழுவதையும் தீட்டினேன். ஓரத்தில் எழுதினேன்: "இது வடிகால். முதல் கட்டத்தில் சாலை என்று காட்டியது என் பிழை." அதன் கீழே கையெழுத்திட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அத்தனை பேர் முன்னால் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த மனத்தாங்கல் அப்படியே இருக்கிறது.

தனியாகவும் சொன்னாய். மூன்று முறை. அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.