கதவுக்கு அந்தப் பக்கம்

ஒசாகா, ஜனவரி 20

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

அங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டதாமே. முழங்கால் வலி தேவலையா? மண்வெட்டியைத் தொடாதீர்கள். நானும் உங்கள் பேத்தி கொனாட்சுவும் சுகம்.

நேற்று ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். செத்தவர்களுக்குப் படைப்பதுபோல கொனாட்சு என் சோற்றில் சாப்பிடும் குச்சிகளைச் செங்குத்தாக நட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு வேலைக் களைப்பு வேறு. "இதுதான் நீ கத்துக்கிட்ட லட்சணமா? வெளிய போ!" என்று தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன், சின்ன வயதில் நீங்கள் எனக்குச் செய்ததுபோலவே.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அம்மா, கதவுக் கண்ணாடியில உன் நிழல் தெரியுது. ஏன் அங்கயே நிக்கிற? உனக்கும் வெளிய வரணுமா?" என்றாள். திறந்துவிட்டேன். உள்ளே வந்ததும் தன் செருப்போடு என் செருப்பையும் சேர்த்து ஒழுங்காக வைத்தாள்.

முள்ளங்கி ஊறுகாய் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள், பனியைப் பற்றியாவது.

வேலைக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நம் வீட்டுக் கதவு மரக்கதவு; எனக்கு எந்த நிழலும் தெரிந்ததில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வாசல் பலகை, அதில் நிற்பவர் காலை எடுத்தாலே கிறீச்சிடும். என்னை வெளியே நிறுத்திய நாட்களில், கதவைச் சாத்திவிட்டு நீங்கள் விலகிப்போகும் அந்தச் சத்தம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, அப்பா.

உங்கள் மகள்,
ஃபுமியே