அண்ணன் வாங்கிய வெற்றிலை

என் அருமை அண்ணாவுக்கு,

உங்களுக்கு நல்ல சேதியாகவே சொல்ல வேண்டும் என்றிருந்தேன். இன்று முடியவில்லை. அந்தத் தட்டு மறுபடி நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

சிராங்கூன் சாலை மாட்டுக்கொட்டகைக்காரர்கள் காலையில் வந்தார்கள். அதே பித்தளைத் தட்டு, வெற்றிலை, பாக்கு, மேலே ஒரு எலுமிச்சம்பழம். நகரசபையில் உங்கள் இடத்துக்கு உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், நிற்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றார் இவர். தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு எழுந்த பெரியவர் என்னிடம் திரும்பி, "ஒங்க அண்ணன் வாங்குன வெத்தலைக்கு இந்த வீடுதாம்மா இன்னும் பதில் சொல்லணும்" என்றார்.

ஊரில் முன்சீப் கோர்ட்டில் வரப்புத் தகராறுக்கு வாதாடிய நாளில், கட்சிக்காரர் நீட்டும் வெற்றிலையை மென்றபடியே வழக்கை எடுத்துக்கொள்வீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அதோடு சரி. கப்பலேறி வந்து இங்கே கவுன் மாட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தேர்தலுக்கு இவர்கள் நீட்டியபோதும் அப்படித்தான் வாங்கினீர்கள். இவர்களுக்கோ அது சத்தியம். அவ்வளவு பெரிய வக்கீலுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

கொட்டகைகளை ஊருக்கு வெளியே தள்ளும் தீர்மானம் வந்தது. கொட்டகைக் கழிவு தண்ணீரில் கலந்து காலராவில் செத்த பிள்ளைகளை நினைத்துக் கை தூக்கினீர்கள். சரியாகத்தான் செய்தீர்கள் என்று இன்றும் சொல்வேன். மறுநாள் நம் வீட்டுக்குப் பால் வரவில்லை. அடுத்த வாரம் தேக்கா கால்வாயில் உயிரில்லாமல் கிடந்தீர்கள்.

மழையில் கால் வழுக்கிவிட்டது என்றார்கள் போலீசார். கரையில் உங்கள் குடை மடித்துச் சாத்தியிருந்ததே அண்ணா, கொட்டுகிற மழையில் யார் குடையை மடிப்பார்கள்?

மத்தியானம் தட்டைத் திருப்பி அனுப்பலாம் என்று எடுத்தேன். வெற்றிலை குறைந்திருந்தது. உள்ளே கண்ணாடி முன்னால் இவர் உங்கள் கறுப்புக் கோட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் அளவு சரியாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், பல்லெல்லாம் சிவப்பு.

"சும்மா ஒரு வாய் போட்டேன், அவ்வளவுதானே" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தத் தீர்மானத்தை இவர் மாற்றினால் பிள்ளைகள் சாகும். மாற்றாவிட்டால்? உங்களைத் தவிர யாரிடம் கேட்பேன்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மழை நாளில் இவரைத் தனியே விடமாட்டேன். உங்கள் குடையை நானே பிடித்துக்கொண்டு கூட நடப்பேன், யார் சொன்னாலும் மடிக்கமாட்டேன்.

வெளியே தூற ஆரம்பித்துவிட்டது. இவர் செருப்பைத் தேடுகிறார்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
செல்லம்மா