சாயங்காலம் காய்ச்சிய காலைக் கஞ்சி

அன்புள்ள தாய்ஸியாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? கப்பல் பனியை உடைத்துக்கொண்டு வட துருவத்துக்குப் போகிறது. பயணிகள் கரடியைத் தேடுகிறார்கள், நான் கரண்டியைத் தேடுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, சின்னக் குழப்பம்தான். முந்தாநாள் மதியச் சமையல் முடிந்து கண்ணயர்ந்தேன். இங்கே சூரியன் மறைவதே இல்லை; விழித்தால் மணி ஆறு, வெளியே அதே வெயில். விடிந்துவிட்டதென்று ஓடிப்போய் ஒரு அண்டா ரவைக் கஞ்சி காய்ச்சினேன். தலைமைச் சமையல்காரி கிளாவ்தியா வந்தாள்.

“என்னடா ரோதியன், ராத்திரி சாப்பாட்டுக்குக் கஞ்சியா?”

“காலையில வேற என்னக்கா போடுறது?”

“காலையா? சாயங்காலம் ஆறுடா, மண்டு!”

அதற்குள் பயணிகள் வந்து, காலை வணக்கம் சொல்லி, கஞ்சியை வழித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். கிளாவ்தியாவுக்கே சந்தேகம் வந்து, மாலுமியிடம் மணி கேட்கப் போனாள். எனக்கு இன்னும் தெளியவில்லை.

நம் ஊர் அர்ஹாங்கெல்ஸ்கிலும் கோடையில் இருட்டாதுதான். ஆனால் அங்கே நான் தடுமாறியதே இல்லை. நீ கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, “போதும், வந்து படு” என்பாய். அதுதான் எனக்கு இரவு.

கம்பளிக் காலுறை அனுப்பு. அந்தத் திரைத்துணியில் மிச்சமிருந்தால் அதையும் வை. ஊர் திரும்பும் கப்பலுக்குக் கடிதப் பையைக் கட்டுகிறார்கள். நீ எத்தனை மணிக்குத் திரையை இழுக்கிறாய் என்று எழுது. நானும் அப்போதே படுத்துக்கொள்கிறேன்.

உன் ரோதியன்