அஸ்தம்பட்டியில் அடுப்பு வைத்த மேசை

சேந்தமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று சாமியை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். மேற்குத் தெரு யோகேஷ் லீவு முடிந்து புதன்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும் வறுத்த நிலக்கடலையும் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே இதையும் வைத்துவிட்டேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்வார், இதை அவர் முன்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு நீ கேட்டாயே, அந்த பார்பிக்யூ ஓட்டல் கொடுத்த காசுக்குத் தகுமா அம்மா என்று, நானும் நல்லாத்தான் இருந்துச்சு சாமி என்று சொல்லிவிட்டு மழை பெய்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை அம்மிணி. சரியான பதில் கொஞ்சம் நீளம்.

அப்பாவுக்குத் தாடையில் ஆபரேஷன் நடந்தபோது நீ கூடவே இருந்தாய், புற்று திரும்ப வராமல் இருக்கக் கரண்ட் வைத்தபோதும் இருந்தாய், அதெல்லாம் உனக்குத் தெரியும். நீ விமானம் ஏறிப் போன பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று அவர் என்னைக் கட்டிப்போட்டிருந்தார். உன் அப்பா யார் எதிரிலும் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது, கீழுதட்டில் ஒரு பக்கம் மரத்துப்போய் இருப்பதால் எது ஒழுகுகிறது என்று அவருக்கே தெரிவதில்லை. ஆரம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள், பாவம் என்கிற பார்வை. பாதி இலையில் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு பந்திக்கே போகவில்லை. வீட்டிலும் குழைத்த சோற்றை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான்கூட உள்ளே போகக் கூடாது. அறுபது வயது நிறைந்ததற்குக் கோயிலில் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று நீயும் சுப்பம்மாள் அத்தையும் மாறி மாறிக் கேட்டீர்களே, அந்தச் செலவெல்லாம் எதற்கு என்று அவர் மறுத்ததற்குக் காரணம் செலவு இல்லை. அங்கேயும் பந்தி போடுவார்களே என்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் நீ சேலம் அஸ்தம்பட்டி ஓட்டலில் எங்கள் இரண்டு பேருக்கும் மேசை பிடித்து, பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, அப்பாவுக்கு அறுபது வயசு விருந்து என்று செய்தி அனுப்பினாய். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவா, அதுவும் மெல்ல முடியாத மனுசனுக்கு. வேறு யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிடச் சொல்லி உனக்குப் போன் போடப் போனேன். அப்பாதான் தடுத்தார். "புள்ள ஆசையாப் பண்ணியிருக்குது, போயி உக்காந்துட்டு வரலாம். நீ சாப்புடு, நான் பாத்துட்டு இருக்கறேன்" என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோளில் துண்டோடு அவரே காரை ஓட்டினார். வழி முழுக்க நான், போய்விட்டுச் சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் ஏசி குளிர், காது கிழியப் பாட்டு, ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் ஒரு குழி. நாங்கள் உட்கார்ந்ததும் கனன்றுகொண்டிருக்கிற கரியோடு ஒரு சின்ன அடுப்பைக் கொண்டுவந்து அந்தக் குழிக்குள் இறக்கி வைத்தார்கள். கம்பியில் குத்திய கோழி, இறால், பனீர், காளான் எல்லாம் வரிசையாக வந்து அதன்மேல் உட்கார்ந்தன. போதும் என்று சொல்கிறவரை கொண்டுவந்துகொண்டே இருப்பார்களாம். நீ ருசியைக் கேட்டதால் ஒளிக்காமல் சொல்கிறேன். கோழி நம் நாமக்கல் பண்ணைக் கோழிதான், சேலம்வரை பஸ் ஏறிப் போய் விலையை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேலே தடவியிருந்த மசாலா ஒரே இனிப்பு. ஆட்டுக்கறி ரப்பர், பல் நன்றாக இருக்கிற எனக்கே இழுத்தது. இறால் நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிரியாணி இருந்த பக்கமே நான் போகவில்லை, அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக எல்லா மேசையிலும் ஜனங்கள் மூச்சு முட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் ஒரு கோழித் துண்டை வைத்துக்கொண்டு விழித்தேன். எதிரில் அப்பா தோள் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படித் தொண்டையில் இறங்கும். "ஏனுங்க, போதும், எந்திரிச்சுப் போயிரலாமுங்க" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. கம்பிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையை நீட்டி அவற்றைத் திருப்ப ஆரம்பித்தார். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போன காலத்தில் ஆட்களோடு சேர்ந்து கரியில் கோழி சுட்டுத் தின்ற கைதானே. ஒரு பக்கம் கருகாமல் திருப்பித் திருப்பி, வெண்ணெய் தடவி, வெந்ததை உருவி என் தட்டில் வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தட்டில் அவர் எதையும் வைத்ததே இல்லை. எனக்குக் கூச்சமாகப் போயிற்று. வேண்டாமுங்க என்றேன். "சூடா இருக்குது, சாப்புடு. நான் சாப்பிட்டு முடிச்சதுக்கப்புறம் ஆறிப்போனதத்தான தெனமும் திங்கறே. நான் என்ன கதவுக்கு அந்தப்பக்கம் குருடனாவா இருக்கறேன்" என்றார். இத்தனை நாளும் அவர் அதைக் கவனிக்கிறார் என்றே எனக்குத் தெரியாது அம்மிணி. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அடுப்புப் புகைதான் கண்ணில் பட்டது என்று அவர் நினைத்திருக்கட்டும்.

அப்புறம்தான் அவர் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்து மேசையில் ஒரு பெரிய குடும்பம். நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் மாதிரி ஓர் ஆள், மீசை முழுக்கச் சிவப்பு மசாலா, கன்னத்தில் மயோனைஸ். அவர் மனைவி நண்டை உடைக்கிற வேகத்தில் தாடையில் சாறு வழிகிறது, அவளும் துடைத்துக்கொள்ளவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரவர் கண் அவரவர் அடுப்பின் மேல். எங்களை யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பரிமாறுகிற பெண் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். எப்போதும் போல அவருக்குப் பதிலாக நானே பேச வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சுக் குழறுவதால் வெளியாட்களிடம் பேசுவதே இல்லை என்பதும் உனக்குத் தெரியாது. "காரமில்லாம மீனு கெடைக்குமாங்க" என்றார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, பாட்டுச் சத்தம் வேறு. குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். துண்டை இழுத்து மூடிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் துண்டை எடுத்து மடியில் போட்டுவிட்டு நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, "இருக்குங்கய்யா, உப்பும் வெண்ணெயும் மட்டும் போட்டுத் தரச் சொல்றேன்" என்று போனாள்.

மீன் வந்தது. அவரே அதை அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்து, விரலால் தொட்டாலே உதிர்கிற பதத்தில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துக்கொண்டார். ஒரு வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர். ஒழுகத்தான் செய்தது. நான் துடைத்துவிடக் கையை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார், தானே துடைத்துக்கொண்டு அடுத்த மீன் துண்டை எடுத்தார். முழு மீனையும் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா. கடைசியில் கேக் வெட்டச் சொல்லிப் பாட்டுப் பாடினார்கள், அதுவும் நீ சொல்லி ஏற்பாடு செய்ததாமே, அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. வரும் வழியில் ராசிபுரத்தில் வண்டியை நிறுத்தி டீக்கடையில் நின்றுகொண்டே டீ குடித்தார்.

மறுநாள் வழக்கம் போலச் சோற்றைக் குழைத்து உள் அறைக்குக் கொண்டுபோனேன். "ஆசாரத்துலயே வையி, உன்றதையும் போட்டுக்கிட்டு வா" என்றார், கூடத்துப் பக்கம் கையைக் காட்டி. அன்றிலிருந்து சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நடுவில் இரண்டொரு நாள் மனசு சரியில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார், நானும் விட்டுவிட்டேன். போன வாரம் சுப்பம்மாள் அத்தை வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்தாள். அவள் எதிரிலேயே பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். தம்பி சாப்பிடுவதைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "இப்படி அழுவறதா இருந்தா எந்திரிச்சு உள்ள போயிருவேன் பாத்துக்க" என்று அதட்டினார். அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டு, மகன் கௌதமன் பெண்டாட்டி மாமியாரை மதிப்பதில்லை என்று புகார் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தை மாதம் அவள் பேத்திக்குச் சீர் வைக்கிறார்கள், பந்திக்கு வருவாயா என்று கேட்டதற்கு அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆக நீ கேட்டதற்குப் பதில் இதுதான் அம்மிணி. கறிக்கு என்றால் அந்தக் காசு தகாது, இனிமேல் கட்டாதே, அந்த ரப்பரைத் தின்ன நான் இன்னொரு தடவை சேலத்துக்குப் போக மாட்டேன். ஆனால் எங்களை யாரும் பாவம் என்று பார்க்காத ஓர் இடத்தில் ஒரு மேசையும், என் தட்டில் சூடாக நாலு துண்டும், அப்பாவுக்கு இரண்டு மீனும் கிடைத்ததே, அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இதெல்லாம் தெரிந்து செய்யவில்லை, தெரிந்திருந்தால் பயந்துகொண்டு செய்திருக்கவே மாட்டாய். தெரியாமல் செய்ததே நல்லதாகப் போயிற்று.

வெளியில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. மாப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னேனே, தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போ, வாய் விஷயத்தில் இனி எனக்கு அசட்டை கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும், உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையக் கூடாது. முக்கியமான ஒன்று. சித்திரையில் நீ வரும்போது அப்பா உன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவர் வாயைப் பார்க்காதே, ஓடிப்போய்த் துடைத்துவிடாதே, கண் கலங்காதே. அந்த ஓட்டல் மீசைக்கார ஆளைப் போல நீயும் கன்னமெல்லாம் பூசிக்கொண்டு, உன் தட்டைப் பார்த்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா
சாரதாமணி