பட்டியலில் எழுதாத சொல்

19 ஜனவரி 1953, திங்கள்

முழங்கால் வலி இன்றும் விடவில்லை. பொங்கலுக்குப் பாத்திரம் தேய்த்த வலி ஒரு வாரமாகத் தோளிலேயே தங்கியிருக்கிறது. கீழே கடையில் ஈ ஓட்டுகிறார்கள். அவர் கல்லாவில் உட்கார்ந்து பத்திரிகையை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் படிக்கிறார். கடையாள் சுப்பையன் மடித்த துணியையே மறுபடி மடிக்கிறார். இரண்டு ஆண்களுக்கு இது ஒரு முழுநாள் வேலை.

மத்தியானம் சாப்பாடு கொண்டு இறங்கினேன். இரண்டு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் கடையில் நின்றார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட வெள்ளைக்காரன் கொண்டுவந்த பட்டாளம். ஓய்வுக்காகக் கடலோர முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அவர் விரல்களை விரித்து விலை காட்டினார். ஒருவன் மற்றவனிடம், "ரொம்ப விலை, போகலாம் வா" என்றான். சுவாஹிலி. இருபத்து மூன்று வருஷமாகக் காதில் விழாத பேச்சு. "நில்லுங்கள், விலை குறையும்" என்று அதே பேச்சில் சொல்லிவிட்டேன், கையில் ரசச் சட்டியோடு.

அவர் விரித்த விரலை மடக்க மறந்துவிட்டார். பிறகு அந்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! ஆளுக்கு மூன்று கஜம் வாங்கிப் போனார்கள்.

20 ஜனவரி

நேற்றிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். புதுச் சரக்கு வந்து இறங்கினால் இப்படித்தான் பார்ப்பார்.

26 ஜனவரி, திங்கள்

"அந்தப் பேச்ச ஒரு தாள்ல எழுதிக் குடு பாக்கியம். நானும் சுப்பையனும் பாடம் பண்ணிக்கிறோம்." கல்யாணமாகி மலாக்கா வந்த நாளாக அந்தப் பேச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருடைய அக்கா சாரதாம்பாள் மட்டும் மறக்காமல் என்னை 'மொம்பாசாக்காரி' என்பார். அப்பா ஆப்பிரிக்காவில், அந்த மொம்பாசாவில் ரயில்வே குமாஸ்தா. நாலு வயதில் போனேன், பதினாறில் திரும்பினேன். அது என் குற்றமா? இந்த ஊர் காஜா பெராங்கிலேயே செட்டிக் குடும்பங்கள் மலாய் பேசிக்கொண்டுதான் மாரியம்மனைக் கும்பிடுகின்றன. அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இருபது சொல் எழுதிக் கொடுத்தேன். கரிபு என்றால் வாருங்கள். கிடாம்பா என்றால் துணி. பெய் ரஹிஸி என்றால் மலிவு. அவர் தேவாரம் போல ராகம் போட்டுப் படிக்கிறார்.

எழுதும்போது 'போலே' என்ற சொல் வந்தது. கல் தடுக்கினாலும் அங்கே அதைத்தான் சொல்வார்கள், சாவு வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். அம்மா போன அன்று, தண்ணீர் கொண்டுவருகிற கிழவி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைத்தான் சாயங்காலம் வரை சொன்னாள். தமிழில் அதற்கு என்ன சொல்வது? தெரியவில்லை. துணி விற்க அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

3 பிப்ரவரி, செவ்வாய்

கடை வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது. வாசகம் என்னுடையது, சுவாஹிலியில்: 'வாருங்கள். நல்ல துணி, நியாய விலை. உங்கள் பேச்சு தெரிந்த மாமா உள்ளே இருக்கிறாள்.' அவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா. சுப்பையனுக்கு இதில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பு.

மாமா உள்ளே இருக்கிறாள் என்றால் இருக்க வேண்டுமே. நாள் பூராவும் நிற்க முடியாது என்று சொன்னேன். அவரே போய் ஒரு நாற்காலி வாங்கி வந்தார். பிரம்பு பின்னியது, கை வைத்தது. கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார். இந்த வீட்டில் எனக்கென்று வாங்கிய முதல் சாமான் இது. ஒரு கால் லேசாக ஆடுகிறது.

18 பிப்ரவரி, புதன்

எதிர்க்கடைச் சேதுராமன் நம் பலகையை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி மாட்டிவிட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது கேட்டிருக்கலாம். சிப்பாய்கள் உள்ளே போய், "மாமா எங்கே?" என்று கேட்க, இவர் விழிக்க, அவர்கள் அலமாரிக்குப் பின்னால் எல்லாம் எட்டிப்பார்க்க — ஒரே கூத்து. கடைசியில் சேதுராமனே நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"என்னாம்மா எழுதி வச்சீங்க? என் கடையில எதையோ தேடுறானுங்க."

"என்னைத்தான்" என்றேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். விலாவும் வலித்தது.

12 மார்ச், வியாழன்

கோப்ரல் பட்டம் வைத்த சிப்பாய் ஒருவர் வந்தார். பெயர் முத்துவா. கல்லாவிலிருந்து இவர் உடனே "வாப்பா முத்து" என்று ஆரம்பித்துவிட்டார். முத்துவாவுக்குக் கென்யாவில் வறண்ட சீமை, ஊருக்கு மூன்று ஆறு தாண்டிப் போக வேண்டுமாம். நாற்பது வயது இருக்கும். மகளுக்குச் சட்டைத்துணி வேண்டும். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கஜக்கோலைத் தரையில் நிறுத்தி ஓர் இடத்தில் விரல் வைத்தார். யோசித்தார். விரலை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார். "நான் வந்து ஒரு வருஷமாகிவிட்டது, வளர்ந்திருப்பாள்."

நான் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். சிவப்பில் வெள்ளைப்பூ போட்ட சீட்டித்துணி, இரண்டரை கஜம். கூடவே மனைவிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாது. முகாமில் எழுதினால் பத்துப் பேர் காதில் விழுமாம். கடைக்கு வருகிறவர்கள் நடுவே உட்கார்ந்து எழுதினேன். பதில் வந்தால் மாமாதான் படிக்க வேண்டும் என்றார். சரி என்றேன்.

"என்ன இவ்வளவு நேரம்? இன்னும் ஏதாவது வாங்குவானா?" என்று அவர் மூன்று தரம் கேட்டுவிட்டார்.

13 ஏப்ரல், திங்கள்

வருஷப் பிறப்பு. புக்கிட் ரம்பாயிலிருந்து சாரதாம்பாள் அண்ணி வந்தார். கடை வழியாகத்தான் மாடிக்கு ஏற வேண்டும். நான் நாற்காலியில், எதிரே மூன்று சிப்பாய்கள், ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி விறுவிறுவென்று மேலே போனார். வடை பாயசமெல்லாம் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏன்டா மாணிக்கம், பொண்டாட்டிய வாசல்ல உக்கார வச்சுத்தான் வியாபாரம் பண்ணணுமா? கோயில்ல நாலு பேரு எங்கிட்டல்ல கேக்குறாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசக்கூடாதா மனுஷன்? கூப்பிட்டு உட்கார வைத்ததே இவர்தானே?

14 ஏப்ரல்

காலையில் சுப்பையன் நாற்காலியை மாடிக்குத் தூக்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

29 ஏப்ரல், புதன்

கீழே, நான் எழுதிக் கொடுத்த சொல் பட்டியலை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைப்பு. அவர் குரல் மாடிக்குக் கேட்கிறது: "கரிபு, கரிபு! பெய் ரஹிஸி!" பிறகு சிப்பாய் ஏதோ கேட்பான். இவர் மறுபடியும் "கரிபு" என்பார். உள்ளே வந்து நிற்கிறவனை எத்தனை தரம்தான் வரவேற்பது?

பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை. இரண்டு கடையிலும் மாமா உள்ளே இருக்கிறாள். மாமா மாடியில் சட்டிக் கரியைத் தேய்க்கிறாள். இன்று நடைபாதையில் நின்று "மாமா! மாமா!" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். தெருவே பார்த்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை.

எனக்கு அந்த நாற்காலி கீழே வேண்டும். யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்கேயாவது எழுதிவைக்கிறேன். மாடியில் அதில் உட்காரப் பிடிக்கவில்லை. துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறேன்.

16 மே, சனி

எங்கிருந்து எழுத ஆரம்பிப்பது?

காலை பதினொரு மணி, நல்ல கூட்டம். இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்குத் தோரணம் கட்டச் சிவப்பும் நீலமும் வாங்க ஊரே வந்திருந்தது. சுப்பையன் மேலே ஏறி வந்தார். "அம்மா, அந்த கோப்ரல் வந்து நிக்கிறாரு. துணி வேணாங்கிறாரு. கையில காயிதம் வச்சிருக்காரு. நான் பட்டியல்ல இருக்கிறதெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். நகர மாட்டேங்கிறாரு."

யாரையும் கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இறங்கினேன். அவர் கல்லாவிலிருந்து, "நீ எதுக்கு—" என்று தொடங்கினார். நான் நிற்கவில்லை.

முத்துவா கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் ஊர்ப் பள்ளி வாத்தியார் எழுதியது, மனைவி சொல்லச் சொல்ல. நின்றபடியே படித்தேன். மழை தவறிவிட்டது. வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது. தம்பி வேலைக்காக நகரத்துக்குப் போய்விட்டான். துணி வந்து சேர்ந்தது, பிரிக்கவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வரியில் என் வாய் நின்றுவிட்டது.

பிள்ளை பிப்ரவரி மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். முதலில் போட்ட கடிதம் உன்னிடம் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி. நாங்கள் துணி கிழித்தது மார்ச் பன்னிரண்டு. விரலைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தாரே, அப்போது... ஐயோ. பக்கத்தில் ஒருத்தி சிவப்புத் துணியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

"படியுங்கள் மாமா" என்றார் முத்துவா.

படித்தேன். வேறு யார் படிப்பார்கள்?

அவர் அழவில்லை. கஜக்கோலைத் தேடி எடுத்தார். பென்சில் கோடு அப்படியே இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். அவரை உட்கார வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அவர் — என் வீட்டுக்காரர் — ஒரு சொல்லும் புரியாமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குவானா என்று கேட்கவில்லை. எழுந்தார். மாடிப்படியில் தடதடவென்று ஏறுகிற சத்தம். துவைத்த துணியெல்லாம் தரையில் விழுகிற சத்தம். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து முத்துவாவுக்குப் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் நாளைக்கு வாங்க. கடை சாத்துறோம்" என்றார். முடிசூட்டு வியாபாரம், சனிக்கிழமை, பட்டப்பகல். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்குக்கூடப் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தவர் அவர்.

நான் அவர் காதோரம் விஷயத்தைச் சொன்னேன். பிறகு தாழ்ந்த குரலில், "இதுக்கு அவங்க பேச்சுல என்னா சொல்லணும்? பட்டியல்ல இல்லியே" என்றார்.

"போலே" என்றேன்.

அவர் நாற்காலி பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார். "போலே, முத்து" என்றார். ராகம் எதுவும் இல்லை. முத்துவா அப்போதுதான் அழுதார்.

17 மே

கடை திறந்தாயிற்று. நாற்காலி கீழேயே இருக்கிறது. மறந்துவிட்டார்களோ என்னவோ. நான் மாடியிலேயே இருந்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல.

19 மே, செவ்வாய்

"பாக்கியம், கீழ வா" என்று அவர் குரல். சிப்பாய் வந்திருக்கிறான் என்று நினைத்து இறங்கினேன். யாரும் இல்லை. "சும்மாதான்" என்றார்.

3 ஜூன், புதன்

பட்டாளம் கிளம்புகிறதாம், இந்த மாதமே கப்பல். முத்துவா வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. இவரும் வாங்கச் சொல்லவில்லை. முத்துவா ஊரிலும் இப்போது இங்கே போலவே அவசரகாலம், காட்டில் சண்டை. இங்கே பார்த்ததையே அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். சுப்பையன் கோப்பி வாங்கி வந்தார். குடித்துவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்துப் போனார். நல்ல வெயில்.

9 ஜூலை, வியாழன்

சேதுராமன் தம் பலகையைச் சாயம் பூசி அழித்துவிட்டார். அடுத்து எந்தப் பட்டாளம் வரும், அவர்கள் பேச்சு எனக்குத் தெரியுமா என்று விசாரித்தார். நம் பலகையை என் வீட்டுக்காரர் ஏறிக் கழற்றி, துடைத்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

சாரதாம்பாள் அண்ணி வந்தார். நான் எழுந்திருக்கவில்லை, முழங்கால் வலி நிஜம்தான். நாற்காலியையும் என்னையும் பார்த்தார்.

"பட்டாளந்தான் போயிருச்சே. இன்னும் இது எதுக்கு இங்க?"

அவர் ஒரு மலாய்க்காரிக்குக் கைலித்துணி அளந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "அது அங்கேயே இருக்கட்டும்க்கா."

அண்ணி மாடிக்குப் போய்விட்டார். அண்ணிக்குக் கோப்பி போட எழுந்தேன். அவசரத்தில் அலமாரிக் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். உயிர் போகிற வலி. கல்லா பக்கத்திலிருந்து, அளந்துகொண்டே, "போலே" என்றார் அவர்.

என்ன சொன்னார் என்று அந்த மலாய்க்காரி சுப்பையனிடம் கேட்டாள். சுப்பையன் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். கோப்பி கொஞ்ச நேரம் கழித்துப் போடலாம்.